ஜாகை எங்கே?

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறவர்களுக்கு முதல் கவலை ஜாகைதான். கட்டடக் கலைஞர் ஆர்னே யாக்கொப்ஸன் நிர்மாணித்து 1960-ல் திறந்த ஹோட்டல் ஒன்று அங்கே இருக்கிறது. கட்டடம் மட்டுமா? நாற்காலி, விளக்கு, கரண்டி வரையில் அவர் வரைந்தவையே! 606-ஆம் எண் அறையை அன்றிருந்தபடியே காத்து வருகிறார்கள். கரண்டிக்கும் கலைஞர் வேண்டுமென்றால் வாடகை எவ்வளவு உயரும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இளைஞர் விடுதியிலோ அடுக்குக் கட்டில். படுக்கை விரிப்புக்குத் தனிக் காசு. ஆனால் பொதுச் சமையலறை உண்டு. நம் அடுப்பில் ரஸம் கொதிக்க, அடுத்த அடுப்பில் அயல் நாட்டார் உருளைக்கிழங்கு வேக வைப்பார்கள். குழந்தைகளுக்கு அந்தச் சிநேகம் எந்த முட்டை வடிவ நாற்காலியிலும் கிட்டாது. ஆகையால் விடுதியே என் கட்சி.

வயதான தாயாரும் உடன் வந்தால் பேச்சு வேறு. ஏணி ஏறி மேல் கட்டிலில் படுக்கச் சொல்ல முடியுமா?