அச்சமே பிணி

என்னிடம் முன்னர் பயின்ற கல்முனை வாலிபர் ஒருவர், சென்ற ஆண்டில் ஒருநாள் மாலை என் இல்லம் தேடி வந்தார். அவருக்கு மணநாள் குறித்தாயிற்று. ஆயினும் முகத்தில் களையில்லை. நெடுநேரம் வாளாவிருந்த பின், "சேர், இந்தக் கலியாணத்தை எப்படியாவது நிறுத்த வேண்டும்" என்றார். வாப்பாவிடம் சொல்லத் துணிவில்லை. நண்பரிடம் சொல்ல நாணம். கைத்தொலைபேசியில் ஆபாசப் படங்களைப் பார்த்துக் கைப்பழக்கத்துக்கு ஆளானமையால் தம் ஆண்மை அழிந்துவிட்டதென்பது அவர் முடிவு. விளம்பரத்தை நம்பி லேகியத்துக்கும் பெரும்பணம் கொடுத்திருந்தார்.

இவ்வச்சம் இவர் ஒருவருக்கே உரியதன்று. உணவு இரத்தமாகி, தசையாகி, எலும்பாகி, ஈற்றில் விந்தாகின்றது என்பது நம் பழைய வைத்தியக் கொள்கை. ஆகவே, அது கழிந்தால் உயிரே தேயும் என்று அஞ்சினர். சுவிட்சர்லாந்து வைத்தியர் திசோவும் 1760இல் இவ்வாறே நூல் எழுதி ஐரோப்பியரை அச்சுறுத்தினார். இந்திய மனநோய் வைத்தியர் விக், 1960இல் இவ்வச்சத்துக்குத் தாதுவின் பெயராலேயே ஒரு நோய்ப்பெயர் இட்டார். இலங்கை நோயாளரைப் பற்றி டி சில்வா, திசாநாயக்க ஆகியோரின் ஆய்வு 1989இல் வெளிவந்தது.

உண்மை யாது? விந்தணுக்கள் இடையறாது உண்டாகின்றன. ஓர் அணு முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் செல்லும். விந்து வெளிப்படுவதால் உடல் நலிவதில்லை. உறக்கத்தில் வெளிப்படுதலும் இயற்கையே. ஆபாசப் படங்கள் ஆண்மையைக் கெடுக்குமா என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. எனினும், அவற்றை நன்றென்று கூறுவேன் அல்லேன். நடிப்பை இல்லறமென மயங்குவோன் மனைவியின் மனத்தை அறியான். விட முயன்றும் விட இயலாது வாழ்வைக் குலைக்கும் பாலியல் நடத்தையை, 2019இல் ஏற்கப்பட்ட நோய்ப்பட்டியலில் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்த்துள்ளது.

நடுவயதினர்க்கும் ஒன்று கூற வேண்டும். ஆணுறுப்பின் நாடிகள் இருதய நாடிகளிலும் ஒடுங்கியவை. ஆதலின், நீடிக்கும் ஆண்மைக் குறைவு, நீரிழிவுக்கோ இருதய நோய்க்கோ முன்னறிவிப்பாக இருத்தல் கூடும். அதனை லேகியத்தால் மறைத்தல் பேதைமை. 'மூலிகை' என விற்கப்படும் சில மருந்துகளில் சில்டெனாபில் கலந்திருத்தல் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று மாத்திரை உண்போர் அதனையும் உட்கொண்டால், இரத்த அழுத்தம் சடுதியில் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அவ்வாலிபரை அரசினர் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். வைத்தியர் பரிசோதித்தார், பொறுமையுடன் கேட்டார், உடலில் குறையேதும் இல்லை என்றார். குறித்த நாளிலேயே திருமணமும் நடந்தேறியது.

பெற்றோரே, உங்கள் மைந்தர் வாய் திறக்கும்போது கடிந்துகொள்ளாதீர். இளைஞரே, வைத்தியசாலைப் படியேற நாணாதீர். அச்சத்தை விற்றுப் பிழைப்போர்க்கு நம் மௌனமே முதல்.