வேகம் கூட்டிய கணினியும் மறந்துபோன மாறிகளும்



சென்ற ஆண்டு இறுதியில் என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்வை முன்வைத்து, நம் அறிவியல் கற்பித்தல் குறித்து ஒரு கருத்தைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். கணினிச் செய்திதானே, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட வேண்டா.

படிவம் நான்கில் பயின்ற என் மகன், தீபாவளி அன்பளிப்பாகக் கிடைத்த பணத்தையும் தன் சேமிப்பையும் கொண்டு, மேசைக்கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கித் தானே பொருத்தினான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சில வாரங்களில் அதன் வேகத்தையும் கூட்டினான். இளைஞர்கள் ‘ஓவர்கிளாக்’ என்று சொல்லும் இதனை இங்கே ‘மிகைவேகம்’ என்று குறிப்பிடுகிறேன். செயலியும் நினைவகமும் இன்ன வேகத்தில் பிழையின்றி இயங்கும் என்று உற்பத்தியாளர் உறுதியளித்திருப்பார். பயாஸ் அமைப்புக்குள் சென்று அந்த எல்லைக்கு மேல் ஓடவைப்பதே மிகைவேகம். இது இன்றைய பித்தன்று. 1998இல் வெளிவந்த இண்டெல் செலரான் 300ஏ செயலி 300 மெகாஹெர்ட்சுக்கு உரியது. அதனைப் பலர் 450 மெகாஹெர்ட்சில் ஓட்டியது அக்காலக் கணினி ஆர்வலர்களிடையே பெரும் பேச்சாக இருந்தது.

ஒருநாள் இரவு, ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கான வினாத்தாளை அந்தக் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். திடீரெனத் திரை நீலமானது. கணினி தானே அணைந்து மீண்டும் எழுந்தது. ஒன்றரை மணிநேர உழைப்பு போயிற்று. அடுத்த மூன்று நாள்களில் மேலும் இருமுறை அவ்வாறே நிகழ்ந்தது. பொறுமை இழந்து, “எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடு. இனிமேல் தொடாதே” என்று மகனைக் கடிந்துகொண்டேன்.

“எதனால வருதுன்னு கண்டுபிடிச்சிடறேன்பா. ஒரு வாரம் டைம் குடுங்க” என்றான்.

என்னென்ன மாற்றினாய் என்று வினவினேன். செயலியின் வேகம், அதற்குரிய மின்னழுத்தம், நினைவகத்தின் வேகம் ஆகிய மூன்றையும் ஒரே இரவில், ஒரு காணொளியைப் பார்த்து மாற்றியிருக்கிறான். குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று நாம் ஆண்டுதோறும் வகுப்பில் கற்பிக்கிறோம். என் மகனும் தமிழ்ப்பள்ளியில் அதைப் படித்து நல்ல மதிப்பெண் பெற்றவன்தான். ஆயினும், ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பிறவற்றை நிலையாக வைக்கவேண்டும் என்பது சொந்தக் கணினி முன்னே அமர்ந்தபோது அவன் நினைவுக்கு வரவில்லை.

அவனை மட்டும் குறை சொல்வானேன்? நான் செய்ததும் அதுவே. நம் நாட்டு வெக்கைதான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். என் ஊகத்திற்கு அடிப்படை இல்லாமலில்லை. செயலியின் இயக்க மின்திறன், வேகத்தோடும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் சேர்ந்து உயரும். இரண்டையும் 10 விழுக்காடு கூட்டினால் மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடிவிடும்; அது வெப்பமாகவே வெளிப்படும். ஆனால், வெப்பநிலை எவ்வளவு என்று நான் பார்க்கவே இல்லை. மகன் அளந்து காட்டினான்: கடுஞ்சுமையிலும் 74 பாகை செல்சியஸ்தான், செயலியின் எல்லைக்குள்தான் இருந்தது. விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை மீண்டும் நீலமானது.

பிறகுதான் இருவரும் முறையாக அமர்ந்தோம். ஒரு பயிற்றுப் புத்தகத்தில் கட்டங்கள் வரைந்தோம்: நாள், மாற்றியது எது, சோதனை எது, எவ்வளவு நேரம், விளைவு என்ன.

முதலில், முக்கியக் கோப்புகளை வெளிவன்தட்டு ஒன்றில் படியெடுத்தோம்.

இரண்டாவதாக, எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குத் திருப்பிச் சோதித்தோம். இப்படியைப் பலர் தாண்டிவிடுகின்றனர். இயல்பு நிலையிலும் கோளாறு தொடர்ந்தால் மிகைவேகத்தின்மீது பழிபோட முடியாது. 2024இல் இண்டெல் நிறுவனமே தன் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில் மிகை மின்னழுத்தத்தால் நிலைப்பின்மை ஏற்படுவதாக ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டுகள் நீட்டித்தது. எனவே, பையன் கைவைத்ததால்தான் கெட்டது என்று பார்க்காமலே முடிவு கட்டக்கூடாது. எங்கள் கணினி இயல்பு நிலையில் இரண்டு இரவுகள் பிழையின்றி ஓடியது.

மூன்றாவதாக, செயலியின் வேகத்தையும் அதற்குரிய மின்னழுத்தத்தையும் மட்டும் கூட்டி, பிரைம்95 என்னும் நிரலை ஓட்டினோம். மிகப்பெரிய பகா எண்களைத் தேடும் பணிக்காக 1996 முதல் வழங்கப்பட்டுவரும் நிரல் இது. விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைச் செயலியிடம் கொடுத்து, வந்த விடையை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை அதில் உண்டு. விடைப்பட்டியை வைத்துக்கொண்டு நாம் தாள் திருத்துவதைப் போல. ஆறு மணிநேரம் ஓடியது. ஒரு பிழையும் இல்லை.

நான்காவதாக, செயலியை இயல்பு நிலைக்குத் திருப்பி, நினைவகத்தின் வேகத்தை மட்டும் கூட்டினோம். 3200 என்று குறிக்கப்பட்ட நினைவகத்தை மகன் 3800இல் ஓட்டியிருந்தான். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்னும் சோதனை நிரலைப் பென் டிரைவிலிருந்து இயக்கினோம். இருபது நிமிடங்களுக்குள் திரையில் சிவப்பு வரிகள் தோன்றின. 3600க்கு இறக்கி இரவு முழுதும் ஓடவிட்டோம். ஒரு வரிகூட இல்லை. செயலிமீதும் வெக்கைமீதும் சுமத்திய பழி பொய்யாயிற்று.

இதற்குள் மற்றொன்று தெரியவந்தது. அந்த வாரங்களில்தான், முன்னாள் மாணவர்களின் விளையாட்டுப் போட்டி நிழற்படங்களை அதே கணினியில் சுருக்கிச் சேமித்துவிட்டு, மூலக் கோப்புகளை அழித்திருந்தேன். அவற்றுள் இரண்டு தொகுப்புகள் இன்றுவரை திறக்கவில்லை. கணினி அன்று நிற்கவுமில்லை, எச்சரிக்கவுமில்லை. தவறான தரவை அமைதியாக எழுதி வைத்துவிட்டது. நீலத்திரை தொல்லையாயினும் பிழையை நமக்கு அறிவித்துவிடுகிறது. அறிவிக்காத பிழையே எனக்கு இழப்பை உண்டாக்கியது. கணினி எழுந்து ஓடுகிறது என்பதனாலேயே அது நிலையாக இயங்குகிறது என்று பொருளாகாது.

பெற்றோர்கள் சிலர், இந்த வேண்டாத வேலையால் என்ன பயன் என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கிடைக்கும் வேக ஆதாயம் பெரும்பாலும் சிறிதே. அதனால் ஏற்படும் சேதத்திற்குச் செயலி உத்தரவாதம் பொதுவாகச் செல்லுபடியாகாது. இருப்பினும், முற்றாகத் தடுப்பதை நான் ஏற்கவில்லை. வேகம் கூட்டியதைவிடப் பிழை தேடிய ஒரு வாரத்தில்தான் என் மகன் மிகுதியாகக் கற்றான். அன்று நான் கடிந்தபடியே எல்லாவற்றையும் திருப்பி வைத்திருந்தால், கணினி சரியாகியிருக்கும், காரணம் தெரிந்திருக்காது.

ஆகவே, அனுமதியுங்கள், ஆனால் நிபந்தனையோடு அனுமதியுங்கள். குடும்பக் கோப்புகளுக்கு அந்தக் கணினிக்கு வெளியே ஒரு படி இருக்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மாற்றியதை எழுதி வைக்கவேண்டும். சோதனையில் தேறாத அமைப்பில் பள்ளிவேலை செய்யக்கூடாது. சோதனையில் தேறினாலும் நம்பிக்கை கூடுமேயன்றி முழு உறுதி கிட்டாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். இந்நிகழ்வுக்குப் பின் ஐந்தாம் ஆண்டு வகுப்பில், எரியாத கைவிளக்குகளைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, காரணம் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒரு குழு மின்கலத்தையும் குமிழையும் ஒன்றாக மாற்றியது. விளக்கு எரிந்தது, கைதட்டினர். “எது கெட்டிருந்தது?” என்று கேட்டேன். பதிலில்லை. அதே குழுவினர் அன்று காலையில்தான் பயிற்சித்தாளில் மூன்று மாறிகளையும் பிழையின்றி எழுதியிருந்தனர்.

மாறிகளை விடைச்சொற்களாக மட்டும் கற்பித்துவிட்டோம் என்பதே என் தாழ்மையான கருத்து. விடை தெரியாத ஒரு கோளாற்றைத் தவணைக்கு ஒன்றாவது மாணவர் கையில் கொடுப்போம். அதற்குப் பெரிய செலவில்லை. பழைய கைவிளக்கே போதும்.

கணினி இப்போது எப்படி என்கிறீர்களா? நினைவகம் 3600இல் தேறியும், மகன் அதனை 3200க்கே திருப்பி வைத்துவிட்டான். நான் சொல்லவில்லை. “உங்க கேள்வித்தாள் இதுலதானேப்பா இருக்கு” என்றான். பயிற்றுப் புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில் அதையும் நாளிட்டு எழுதியிருக்கிறான்.