இட்டேரி தெரியாத வரைபடம்

கொல்லிமலைக்கு நடந்து ஏற வர்ற பட்டணத்து நண்பர்கள் இப்பல்லாம் செல்போனோட நிறுத்திக்கிறதில்லைங்க. உள்ளங்கையில அடங்கற ஜிபிஎஸ் கருவி ஒண்ணு தனியா வாங்கிட்டு வர்றாங்க. நம்ம தோட்டம் அடிவாரத்துல இருக்கறதால, போற வழியில தண்ணி குடிக்க நிக்கிறப்போ அந்தக் கருவிய வாங்கிப் பார்ப்பேன். ஆயிரக்கணக்குல காசு போட்டு வாங்கியிருப்பாங்க. உள்ள பார்த்தா வெறும் வெள்ளைப் பரப்பு, அதுல ஒரு நெடுஞ்சாலைக் கோடு, நாமக்கல்னு ஒரு புள்ளி. உழவு மாட்ட விலை பேசி ஓட்டிட்டு வந்துட்டு, ஏர சந்தையிலயே விட்டுட்டு வந்த கதைதான்.

கருவிய குத்தம் சொல்ல ஒண்ணுமில்லைங்க. ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே கலந்துவிட்டிருந்த பிழைய 2000 மே மாசம் அமெரிக்கா நிறுத்திடுச்சு. அதுலருந்து சாதாரணக் கருவியே நாம நிக்கிற இடத்த சில மீட்டர் வித்தியாசத்துல சொல்லிடுது. ரெண்டு ஏஏ பேட்டரி போட்டா ஒரு பகல் நடைக்குத் தாராளம். ஆனா சுத்தி என்ன இருக்குன்னு சொல்றது வரைபடத்தோட வேலை. கடையில எல்லாரும் திரை எத்தனை இஞ்ச், மழை தாங்குமான்னு கேக்கறாங்க. எந்த வரைபடம் ஏத்தலாம், எவ்வளவு ஏத்தலாம், மெமரி கார்டு போட இடம் இருக்கான்னுதான் மொதல்ல கேக்கணும். ஆகக் குறைஞ்ச விலை மாடல் சிலதுல வெளி வரைபடம் ஏத்தவே வழியில்ல.

செல்போன்ல இருக்கற கூகுள் மேப்ப இதுல போட முடியுமான்னு பலபேர் கேக்கறாங்க. முடியாதுங்க. இந்தக் கருவிக்குன்னு தனியா செஞ்ச கோப்பு வேணும்.

காருக்கும் காலுக்கும் ஒரே வரைபடம் போதும்னு நினைக்கிறதுலதான் சிக்கலே வருது. கார் வரைபடத்துக்குள்ள வழி போடற விவரம் பொதிஞ்சிருக்கணும்: எது ஒருவழி, எந்த ரோடு எந்த ரோட்டோட சேருது, எது அகலம். அது இல்லேன்னா கருவி நேர்கோடு இழுத்துக் காட்டிட்டு சும்மா இருக்கும். மலை மேல ஆகாயகங்கைகிட்ட நின்னுக்கிட்டு, கீழ திருச்சி மாவட்டத்துல இருக்கற புளியஞ்சோலைக்கு எவ்வளவு தூரம்னு கேட்டுப் பாருங்க. கூப்பிடு தூரம் மாதிரி காட்டும். கார்ல போகணும்னா மலையில இருந்து இறங்கி, அடிவாரத்த சுத்திக்கிட்டு வரணும். காரவள்ளி வழியா இறங்கினா 70 கொண்டை ஊசி வளைவு. தூரத்த மட்டும் பார்த்துட்டு, ‘பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம்’னு கிளம்பறவங்கள வருசா வருசம் பாக்கறேன்.

காசு கொடுத்து வாங்கற கார் வரைபடங்கள் ஊரு, பெட்ரோல் பங்க், லாட்ஜ் வரைக்கும் நல்லாவே இருக்கு. ஊரத் தாண்டி காட்டுக்குள்ள வந்தா கை விரிச்சுடும். (எங்க பக்கம் காடுன்னா மானாவாரி நிலம்ங்க, வனம் இல்ல.) அதனால என் ஓட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குத்தான். 2004-ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது. யார் வேணும்னாலும் தங்களுக்குத் தெரிஞ்ச பாதைய வரையலாம், தப்ப திருத்தலாம். அதுல இருந்து கைக்கருவிக்குத் தகுந்த கோப்பு செஞ்சு இலவசமா குடுக்கறவங்க பலபேர் இருக்காங்க. அப்பப்போ புதுசாக்கிக் குடுக்கறதப் பார்த்து எடுங்க. ரெண்டு வரைபடத்த ஏத்தி ரெண்டையும் ஒண்ணா ஓட விட்டுடாதீங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எதுவும் தெரியாது. கார்ல இருக்கறப்போ கார் வரைபடம் மட்டும், இறங்கினதும் அத அணைச்சுட்டு நடை வரைபடம் மட்டும்.

இலவசம்ங்கறதுக்காக கண்ண மூடிக்கிட்டு நம்பச் சொல்லல. போன ஐப்பசியில, நல்ல மழை நாளு, கோயில் விசேசத்துக்கு வந்த ஒரு குடும்பத்த வழிகாட்டி எங்க இட்டேரிக்குள்ள திருப்பி விட்டுடுச்சு. இட்டேரி தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன்: ரெண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் வேலியா நிக்க, நடுவுல ஒரு மாட்டுவண்டி மட்டும் போற தடம். உள்ள போயிட்டா கார் திரும்ப முடியாது. முன்சக்கரம் சேத்துல இறங்கிடுச்சு. பின்சீட்டுல சர்க்கரை வியாதிக்கார பாட்டி. ராத்திரி ஒம்பது மணிக்கு டிராக்டர் கொண்டுபோய்க் கட்டி இழுக்கற வரைக்கும் அவங்க ஒண்ணும் சாப்பிடல. பேரன் நடுங்கிட்டு நின்னான். ‘மேப்புல ரோடுன்னு இருந்துச்சுங்க’ன்னு திருப்பித் திருப்பிச் சொன்னான். கோடு இருந்தது நிசம்தான். வானத்துல இருந்து எடுத்த படத்தப் பார்த்து எங்கயோ உக்காந்து வரைஞ்ச கோடு அது. மேல இருந்து பார்த்தா இட்டேரியும் தார் ரோடும் ஒரே நூல்தானே.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புல இதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு. வண்டித்தடத்த 1 முதல் 5 வரை தரம் பிரிக்கலாம். 1 கெட்டித்தடம், 5 வெறும் மண்ணு. மோட்டார் வண்டி போகக்கூடாதுன்னும் குறிக்கலாம். தரம் போட்ட தடமா, சும்மா கோடான்னு பார்த்தாலே, வரைஞ்சவர் அங்க கால் வெச்சாரா இல்லையான்னு ஓரளவு புரிஞ்சிடும்.

நடைக்கு சமஉயரக் கோடு இருக்கற வரைபடம் வேணும். நிறைய இலவச வரைபடங்கள்ல அந்தக் கோடுங்க 2000 பிப்ரவரியில விண்வெளி ஓடம் ரேடார்ல அளந்த கணக்குல இருந்து வந்தது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மலையோட வடிவம் தெரியும். ரெண்டு புள்ளிக்கு நடுவுல பத்து ஆள் உசரத்துக்கு செங்குத்துப் பாறை இருந்தா அது தெரியாது. கோடு நெருங்கி வர்ற இடத்துல வேகத்தக் குறைச்சு கண்ணால பாருங்க.

இந்திய நில அளவைத் துறையோட 1:50,000 வரைபடம் இன்னொண்ணு. ஒரு சென்டிமீட்டர்னா அரை கிலோமீட்டர். நடந்து அளந்தவங்க போட்டது. ஓடை, கிணறு, ஒத்தையடிப்பாதை எல்லாம் இருக்கும். (துணைக்கண்டத்தையே அளந்த அந்தப் பெரிய வேலைய 1802-ல லாம்டன் நம்ம பரங்கிமலைகிட்டதான் தொடங்கினார். சென்னைக்காரங்க எத்தனை பேருக்குத் தெரியுமோ.) இத கருவியில படமா ஏத்திப் பின்னணியா வெச்சுக்கலாம், வழி போடாது. பழைய தாள்கள் எவரெஸ்ட் கணக்குல இருக்கறதால, மாத்தாம ஏத்தினா நீங்க நிக்கிற இடம் தள்ளிக் காட்டும்.

எந்த வரைபடத்துலயும் கோடு இருக்கறதால மட்டும் போக அனுமதி இருக்குன்னு எடுத்துக்காதீங்க. 2018 மார்ச்ல குரங்கணி மலைத் தீயில 20 பேருக்கு மேல செத்தாங்க. அந்த வருசமே அரசு மலையேற்றத்துக்குத் தனி விதி கொண்டுவந்துச்சு. புளியஞ்சோலையில இருந்து மேல ஏறற தடம் வரைபடத்துல அழகா தெரியும். வனத்துறைகிட்ட கேக்காம அதுல கால் வெக்கக்கூடாது. செயற்கைக்கோள் வழியா செய்தி அனுப்பற கருவிங்களுக்கும் நம்ம நாட்டுல தனி அனுமதி வேணும்.

இப்ப எங்க ஊரு சங்கதி. வேலிய வெட்டிட்டு கம்பி கட்டறாங்க, மனை போடறாங்க, இட்டேரி பக்கத்து வயலோட கலந்துடுது. அரசு புலப்படத்துல பாதை இருக்கும். தாலுகா ஆபீசுக்கு அலைஞ்சு அத எடுத்துப் பாக்கறது எத்தனை பேரு? ஆளுக்கு ஆள் தெரியற மாதிரி வரைபடத்துல ஒரு கோடு இருந்தா, இங்க ஒரு தடம் இருந்துச்சுன்னு கேக்கவாவது முடியும். ஆனா எல்லாத்தையும் வரையணும்னும் நான் சொல்லமாட்டேன். மேல ஒரு ஊத்து இருக்கு, கோடையில மான் தண்ணி குடிக்கற இடம். அத நான் வரையல, வரைய விடவும் மாட்டேன்.

பனி மாசத்துல சாயங்காலம் ஆட்டப் பட்டியில அடைச்சதும், கருவிய சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஒவ்வொரு இட்டேரியா நடந்தேன். என் கருவியில தமிழ் எழுத்து வராது. பேர வீட்டுக்கு வந்துதான் தமிழ்ல ஏத்தினேன். ஏழு தடம் ஆச்சு. எல்லாத்துக்கும் தரம் 5, மோட்டார் வண்டிக்கு இல்லைன்னு குறிச்சிருக்கேன். எட்டாவது, பழைய மாரியம்மன் கோயில் இட்டேரி, பாதி உழுதுட்டாங்க. மீதிய இந்த வாரம் நடக்கணும்.