பவர் பவர்னு கேக்காதீங்க சாமிகளா, சொகமா இருக்கான்னு கேளுங்க

ஒரு காலத்தில் ஊருக்குப் போகும்போது செண்ட் பாட்டில் கேட்டார்கள். அப்புறம் லேப்டாப், அப்புறம் போன். இப்போது கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் பங்காளி மகன்களும், வண்டன்மேட்டில் இருக்கும் தங்கமணியின் தம்பிமார்களும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "மாமா, நல்ல பவரா ஒரு ஏர் கன் வாங்கணும், கொஞ்சம் காசு அனுப்புங்க."

அந்த "பவரா" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. துபாயிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் உட்கார்ந்துகொண்டு "கேட்டா வாங்கிக் குடுத்துட்டுப் போ" என்று பணம் அனுப்புகிற மகராசன்களோடும் சண்டைதான். பெரும்பாலும் துப்பாக்கிக்குக் காசு நம்ம பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. அதனால் நமக்கும் இதில் பங்கு உண்டு.

நான் பர்மிங்ஹாமில் குப்பை கொட்டும் மெக்கானிக்கல் என்ஜினியர். ஸ்பிரிங்கும் சீலும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. இது ஏர் ரைபிளுக்குப் பழைய ஊர். 1904-ல் லிங்கன் ஜெஃப்ரிஸ் என்பவர் காப்புரிமை வாங்கிய வடிவத்தை, அடுத்த ஆண்டிலிருந்து பி.எஸ்.ஏ. கம்பெனி இங்கேதான் செய்து விற்றது. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் வாய் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது இதுதான். ஒரு ஏர் ரைபிளைச் சுடச் சுகமாக ஆக்குவது அதன் பவர் இல்லை. உள்ளே இருக்கும் சாமான்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டிப் பொருந்தியிருக்கின்றன என்பதுதான். பவரைத் துரத்துகிறவனுக்குச் சுகமும் கிடைக்காது, குறியும் கிடைக்காது. கடைசியில் அந்தத் துப்பாக்கி குரங்கு பக்கமும் மயில் பக்கமும்தான் திரும்பும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். குழலை மடக்கும்போது ஒரு கனமான ஸ்பிரிங்கை அமுக்குகிறோம். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் முன்னே போகும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கிறது. பிஸ்டன் முனையில் அடைபட்ட காற்றில் மோதி நிற்கும்போது, துப்பாக்கி மறுபடி முன்னால் குதிக்கிறது. இவ்வளவும் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள், ரவை குழலை விட்டு வெளியேறும் முன்பே, பெரும்பாலும் நடந்து முடிந்துவிடுகிறது. நிஜத் துப்பாக்கி ஒரே பக்கம்தான் உதைக்கும். இது இரண்டு பக்கமும் உதைக்கும். ஸ்பிரிங்கைப் பெரிதாக்கினால் இரண்டு உதையும் பெரிதாகும். அவ்வளவுதான் கணக்கு.

அப்படியானால் சுகம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒன்று, ஸ்பிரிங் கைடு. ஸ்பிரிங்குக்குள் போகும் அந்தக் கம்பி லொடலொடவென்று இருந்தால், சுட்ட பிறகும் ஸ்பிரிங் தம்பூரா மாதிரி "ட்ட்ரொய்ங்" என்று பாடும். அந்த அதிர்வு கன்னத்தில் தெரியும். கைடு ஸ்பிரிங்கின் உள்வட்டத்தோடு ஒட்டி நின்றால் பாட்டு நின்றுவிடும்.

இரண்டு, ஸ்பிரிங்கின் இரண்டு முனையும் சமமாகத் தேய்த்து வழவழப்பாக்கப்பட்டிருக்க வேண்டும். முனை கோணலாக இருந்தால் ஸ்பிரிங் ஒரு பக்கம் வளைந்து, பிஸ்டனைச் சிலிண்டர் சுவரோடு உரசவைக்கும். விலை குறைந்த துப்பாக்கிகளில் சிலிண்டர் ஓட்டைகளின் ஓரத்தில் அறுத்த பிசிறு அப்படியே நிற்கும். மடக்கும்போது வரும் கரகரப்பு அதுதான். புது வாஷரைக் கிழிப்பதும் அதுதான்.

மூன்று, எண்ணெய். ஊரில் நான் பார்த்தது, சத்தம் நல்லா வரட்டும் என்று கைக்குக் கிடைத்த எண்ணெயைக் காற்று ஓட்டையில் ஊற்றுவார்கள். டமார் என்று வெடிக்கும், புகையும் வரும். பவர் ஏறிவிட்டது என்று கைதட்டுவார்கள். டீசல் என்ஜினில் நடப்பதே அங்கே நடக்கிறது. அமுங்கிய காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது, வாஷர் கருகுகிறது, ஸ்பிரிங் சீக்கிரம் ஒடிகிறது. உரசும் இடத்தில் மாலிப்டினம் கிரீஸ் மெலிசாக ஒரு பூச்சு, ஸ்பிரிங்கில் கெட்டியான கிரீஸ் கொஞ்சம். தோல் வாஷர் காய்ந்துபோனால் அதற்கென்று உள்ள எண்ணெய் இரண்டு சொட்டு. போதும். தலைக்குத் தேய்ப்பது மாதிரி தேய்க்க வேண்டாம்.

நான்கு, விசை. இழுக்க இழுக்க எப்போது விழும் என்று தெரியாத விசை, நல்ல துப்பாக்கியையும் கெடுத்துவிடும். நல்ல விசையில் முதலில் லேசாக ஒரு தூரம் வரும், ஓர் இடத்தில் நிற்கும், அங்கிருந்து பழுத்த நெல்லிக்காய் காம்பை விட்டு உதிர்வது போலச் சத்தமில்லாமல் விடுபடும். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே எடை.

ஐந்து, ரவை. மிக லேசான ரவை போட்டால் அது சீக்கிரம் ஓடிவிடும், பிஸ்டனைத் தாங்கக் காற்றுமெத்தை இருக்காது, டக்கென்று போய் முட்டும். ரவையே போடாமல் வெறுமனே சுட்டால் அதைவிட மோசம். மிகக் கனமான ரவை போட்டால் பிஸ்டன் துள்ளித் திரும்பும். நடுத்தரத் துப்பாக்கிக்கு அரை கிராம் சுமாருக்கு ஒரே அளவான ரவை சரியாக இருக்கும்.

ஆறு, கட்டையைப் பிடித்திருக்கும் திருகாணிகள். இறுக்கிப் பாருங்கள். "இந்த கன் வேஸ்ட்டு" என்று மூலையில் போட்ட எத்தனையோ துப்பாக்கிகளின் வியாதி ஒரு ஸ்க்ரூ டிரைவரில் தீர்ந்துவிடும்.

இந்த ஆறில் "பவர்" என்று எங்கேயாவது வந்ததா?

கடைக்காரர் என்ன சொல்வார்? "ஆயிரத்து நூறு அடி வேகம் சார்!" எந்த ரவையில் என்று கேளுங்கள். பெரும்பாலும் 5 கிரெயின், அதாவது மூன்றில் ஒரு பங்கு கிராம் எடையுள்ள தக்கை ரவை. கணக்குப் போட்டால் சுமார் 18 ஜூல். அதே சக்தியில் 8 கிரெயின் ரவை போனால் வேகம் 870 அடி சுமாருக்கு இறங்கிவிடும். அதோடு, இடுப்பு ஒடுங்கிய இந்த ரவை ஒலியின் வேகத்தை நெருங்கினால் காற்றில் ஆட்டம் காணும், குறி சிதறும். பெட்டியில் அச்சடித்த எண் நோட்டீசுக்குத்தான், சுடுவதற்கு இல்லை.

உலகத்தில் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ஜெர்மன்காரர்கள். உதையைக் குறைக்கப் பவரைக் குறைத்தார்கள், அத்தோடு மூளையைக் கூட்டினார்கள். டயானா கம்பெனி, கிஸ் என்பவரின் யோசனைப்படி, இரண்டு பிஸ்டன்களை எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டு உதைக்கு உதை சரி என்று ஆக்கியது. ஃபைன்வெர்க்பாவ் கம்பெனி 1960-களில், உதைக்கும்போது முழு இயந்திரமும் கட்டைமேல் தண்டவாளத்தில் போல வழுக்கிப் பின்னால் போகும்படி செய்தது. சுடுகிறவர் கன்னத்துக்கு ஒன்றும் தெரியாது. இன்று போட்டித் துப்பாக்கிகளில் ஸ்பிரிங்கே கிடையாது, அடைத்துவைத்த காற்றுதான்.

1984-ல் ஒலிம்பிக்கில் நுழைந்த 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் சுடும் துப்பாக்கியின் சக்தி சுமார் 7.5 ஜூல்தான். நம்ம தம்பிமார் கேட்கும் "பவரில்" பாதிகூட இல்லை. ஆனால் அங்கே பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில். 2012-ல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது சென்னையில். 2019-ல் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் குவித்த இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து, குஜராத்துக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த பெண். நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் போன குடும்பம். அந்தப் பொண்ணு பவர் கேட்டா ஜெயிச்சது?

ஒலிம்பிக்கை விடுங்கள், வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு வாருங்கள். ஏலமலையிலிருந்து இறங்கிவரும் சனம் பலூன் கடையில் மொய்ப்பதைப் பார்க்கலாம். ஸ்பிரிங் சோர்ந்துபோன பழைய துப்பாக்கிகள். குறி ஒரு சாண் தள்ளிப் போனாலும் ஆச்சரியமில்லை. ஆனாலும் பாட்டி முதல் பேரன் வரை சிரித்துக்கொண்டே சுடுகிறார்கள். ஏன்? மடக்க லேசு, தோளில் இடிக்காது. சுகம் என்றால் என்னவென்று சனங்களுக்குத் தெரியும். கடைக்குப் போனதும்தான் மறந்துவிடுகிறது.

"மாமா, நீங்க சொல்றது விளையாட்டுக்கு. எங்களுக்குக் குரங்கு விரட்டணும், பன்னி விரட்டணும்" என்பான் வண்டன்மேட்டு மச்சினன். அவன் நஷ்டம் பொய்யில்லை. ஏலத்தின் இளந்தண்டைக் குரங்கு பிய்த்துப் போடுவதையும், பாலக்காட்டு வயலில் மயில் இறங்குவதையும் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏர் ரைபிள் அதற்கு மருந்தில்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி காயப்படுத்துவதும் வேட்டைதான், முயற்சி செய்வதும் வேட்டைதான். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. நாட்டுக் குரங்கும் மலை அணிலும் அதே சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கின்றன. பன்றிக்கு 2022 மே மாதம் கேரள அரசு வழி செய்தது. அதுவும் உள்ளாட்சித் தலைவரின் உத்தரவோடு, லைசென்ஸ் உள்ள நிஜத் துப்பாக்கிக்காரர்களுக்கு. ஏர் ரைபிள் ரவை பன்றியைக் கொல்லாது. சீழ் பிடித்த காயத்தோடு பல நாள் அலையவிடும். அந்தப் பன்றியின் எதிரே விடிகாலையில் வேலைக்குப் போவது யார்? எஸ்டேட்டில் களை எடுக்கும் நம்ம அக்காமார்கள்தான். கேட்க வேண்டியது வேலியும் நஷ்ட ஈடும். அதற்குப் பணம் அனுப்புங்கள், மனு எழுதிக் கொடுங்கள், பஞ்சாயத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள்.

"சுகமான துப்பாக்கி வெளிநாட்டு சாமான், நமக்குக் கட்டுமா" என்பது அடுத்த சாக்கு. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறினால் கோயம்புத்தூர். தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கும் ஊர். நைலான் தடியில் அளவாக ஒரு கைடு கடைந்து தர அங்கே ஆளா இல்லை? பிசிறு எடுக்க ஒரு சின்ன அரம், ஓர் உப்புத்தாள். இரும்புக் கம்பெனி வைத்திருக்கும் தேசத்தில் இது ராக்கெட் வேலை இல்லை. ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் கையைப் பதம் பார்க்கும். தெரிந்தவர்தான் பிரிக்க வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றிப் பவர் ஏற்றுகிறேன் என்று கிளம்பினால் வேறு வம்பு. 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலைத் தாண்டினாலோ, குழல் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். இங்கே இங்கிலாந்தில் அந்தக் கோடு 16 ஜூல் சுமாருக்கே வந்துவிடுகிறது. ஜெர்மனியில் 7.5.

கடைசியாக, பணம் அனுப்புவதற்கு முன்னால் நான்கு கேள்வி கேளுங்கள். மடக்கும்போது கரகரக்கிறதா? சுட்டபின் ஸ்பிரிங் பாடுகிறதா? விசை ஒரே இடத்தில் விழுகிறதா? பத்து மீட்டரில் ஐந்து ரவை ஒரு ரூபாய்க் காசுக்குள் போகிறதா? நான்குக்கும் நல்ல பதில் வந்தால் வாங்கிக் கொடுங்கள். கூடவே கண்ணுக்குக் கண்ணாடியும், ரவையை வாங்கிக்கொள்ள ஒரு பெட்டி நிறையக் களிமண்ணும் சேர்த்துக் கொடுங்கள். கல்லிலோ தகரத்திலோ பட்டுத் திரும்பும் ரவைக்குக் குழந்தையின் கண் எது என்று தெரியாது. ரவை ஈயம், சுட்டுவிட்டுக் கை கழுவாமல் சோற்றில் கைவைக்க விடாதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் துப்பாக்கி வெளியே வரக்கூடாது.

"எல்லாம் சரி மாமா, பவர் எவ்வளவு?" என்று அதற்குப் பிறகும் கேட்டால், பத்து பைசா அனுப்பாதீர்கள். அவனுக்குச் சுட ஆசையில்லை, எதையாவது அடிக்கத்தான் ஆசை. அதற்கு நம்ம ஓவர்டைம் காசு எதற்கு?