தட்டையிலிருந்து அடுப்புக்கு எரிவாயு: எங்கள் நிலைப்பாடு

விருதுநகர் மாவட்டத்தில் அறுவடைக்குப் பின் காட்டில் மிஞ்சும் மக்காச்சோளத் தட்டை, கரும்புத் தோகை, வைக்கோல் ஆகியவற்றைக் கொண்டு கிராமத்து வீடுகளுக்குச் சமையல் எரிவாயு தர வேண்டும், அதை அந்தந்த ஊரிலேயே எடுக்க வேண்டும் என்று எங்கள் அமைப்பு கேட்கிறது. எந்த முறையில் எடுப்பது என்பதிலும் எங்களுக்குத் தீர்மானமான கருத்து உண்டு. தட்டையைச் சாணத்தோடு சேர்த்துப் புளிக்கவைத்து எடுக்கும் வாயுவை வீடுகளுக்குக் கொடுக்கலாம். தட்டையை அரைகுறைக் காற்றில் எரித்து எடுக்கும் வாயுவைக் குழாய் வழியாக அடுப்படிக்குள் விடக்கூடாது. பட்டாசு ஆலைகள் நெருங்கி இருக்கும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களுக்குத் தனி விதிகள் எழுதப்பட்ட பிறகே எந்தத் திட்டமும் அங்கே தொடங்க வேண்டும். மானாவாரி விவசாயிகளும் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்து இயங்கும் அமைப்பு என்பதால் இந்த இரண்டு பக்கத்தையும் நாங்கள் பேசியாக வேண்டும்.

வீட்டுக்கு வீடு சிலிண்டர் வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழக அரசு 2007 முதல் இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016 மே 1 அன்று ஒன்றிய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமான குடும்பங்கள் புகையில்லா எரிபொருளில் சமைக்கின்றன. இவையெல்லாம் பெரிய சாதனைகள்தான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் இணைப்பு கிடைப்பது வேறு, தீர்ந்ததும் அடுத்த சிலிண்டரை வாங்க முடிவது வேறு. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் வேலையை நிறுத்திவிடும். மழைக்காலம் முழுக்க வேலை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிகளுக்கும் தடை போட்ட பிறகு இந்த வேலையில்லா நாட்கள் மேலும் நீண்டன. கையில் கூலி இல்லாத அந்த மாதங்களில் சிலிண்டர் மூலையில் நிற்கிறது, பின்கட்டில் விறகடுப்பு புகைகிறது. வேலிக்கருவை முள்ளும் பருத்திமாரும் அதில் எரிகின்றன. வீட்டுப் புகையால் உலகில் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நாடு எரிக்கும் சிலிண்டர் வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு இறக்குமதியாக வருகிறது. அதன் விலையைச் செங்கமலப்பட்டியோ திருச்சுழியோ தீர்மானிக்க முடியாது.

எனவே ஊரில் விளைவதிலிருந்து எடுக்கும் வாயு சிலிண்டருக்குத் துணையாக வேண்டும். இந்தத் திட்டத்தைக் காரணம் காட்டி எந்தக் குடும்பத்தின் சிலிண்டர் மானியத்தையும் குறைக்கக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

அறுவடைக்குப் பின் காட்டில் கிடப்பது யாருக்கும் வேண்டாத பொருள் என்ற எண்ணத்தில் பல திட்ட வரைவுகள் எழுதப்படுகின்றன. கரிசலில் அப்படி இல்லை. சோளத்தட்டையும் கம்பந்தட்டையும் மாட்டுக்கு வருஷத் தீவனம், படப்பு போட்டுக் காப்பாற்றுகிற சொத்து. அறுத்த காட்டில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் மந்தையை மேய்த்துக்கொண்டே நிலத்துக்கு எரு கொடுத்துப் போகிறார்கள். பருத்திமாரைச் சொந்த நிலமில்லாத பெண்கள் பிடுங்கிச் சுமந்து வந்து வருஷ விறகுக்கு அடுக்கி வைக்கிறார்கள். பிடுங்கிக் கொடுப்பதால் நிலத்துக்காரருக்கும் நன்மை உண்டு, ஏனென்றால் நின்ற மாரில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கி அடுத்த பட்டத்துக்குப் பரவும். இத்தனை பேருக்குப் பயன்படும் பொருளுக்கு ஒரு ஆலை விலை வைத்தால் முதலில் இழப்பது காசு கொடுக்காமல் விறகு சேர்த்தவள்தான்.

ஆகவே மாட்டுக்கும் மண்ணுக்கும் போக மிஞ்சுவதை மட்டுமே எரிவாயுக் கலனுக்குக் கொடுக்க வேண்டும். மிஞ்சுவது கணிசமாகவே இருக்கிறது. மக்காச்சோளம் இங்கே பரவிவிட்டது, அதன் முற்றிய தட்டையை மாடு விரும்பித் தின்பதில்லை. பலர் ரோட்டவேட்டர் விட்டு மடக்கி உழுகிறார்கள், சிலர் தீ வைக்கிறார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் கரும்புத் தோகையைக் காட்டிலேயே கொளுத்துகிறார்கள். கொளுத்தப்படுவதிலிருந்து தொடங்கலாம்.

இனி முறையைப் பற்றி. விறகையோ தட்டையையோ மூடிய உலையில் குறைந்த காற்று விட்டு எரித்தால் எரியக்கூடிய வாயு வெளிவரும். வாயுவாக்கி என்று அதைச் சொல்கிறார்கள். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2000-களின் தொடக்கத்தில் 9 கிலோவாட் வாயுவாக்கி ஒன்றை வைத்துக் குடிநீர் இறைத்தது, அது பலரும் போய்ப் பார்த்த நல்ல முயற்சி. ஆனால் அங்கே வாயு போனது எஞ்சினுக்கு, அடுப்படிக்கு அல்ல. அந்த வாயுவில் ஏறத்தாழ பாதி நைட்ரஜன், ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. வீட்டுக்குள் இருக்கும் காற்றில் 0.1 விழுக்காடு அது கலந்தாலே உயிருக்கு ஆபத்து. இரவில் குழாய் இணைப்பு ஒன்று கசிந்தால் தூங்குகிறவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள். சீனாவில் ஷாண்டோங் மாகாணத்தில் 1990-களில் ஊர்தோறும் தட்டை வாயு நிலையம் கட்டி வீடுகளுக்குக் குழாய் போட்டார்கள். குழாய்களில் தார் அடைத்தது, செலவு கட்டுப்படியாகவில்லை, பல நிலையங்கள் மூடப்பட்டன. அரசும் பணமும் பின்னால் நின்ற இடத்திலேயே இப்படி என்றால், ஓட்டு வீட்டுக்குள் ஒரே அறையில் சமைத்து உறங்கும் நம் குடும்பங்களிடம் இதைக் கொண்டுவருவதை நாங்கள் எதிர்க்கிறோம்.

வாயுவாக்கியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பருத்திமார் போன்ற கட்டைத்தன்மை மிகுந்த பொருளைப் புளிக்கவைக்க முடியாது, அதன் நார்ப்பிசினை நுண்ணுயிர்கள் உடைக்காது. அதை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா உலைகளுக்கும் அருப்புக்கோட்டைச் சாயப்பட்டறைகளுக்கும் கொடுக்கலாம். திறந்த இடம், பக்கத்திலேயே எரியும் வாயு, பயிற்சி பெற்ற ஆள், கார்பன் மோனாக்சைடு கசிந்தால் ஒலிக்கும் கருவி என்ற நான்கும் இருந்தால்தான்.

வீட்டுக்கு ஏற்றது சாணமும் தட்டையும் கலந்து எடுக்கும் வாயு. இது நமக்குப் புதிதல்ல. கோபர் கேஸ் என்ற பெயரில் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மிதக்கும் டிரம் கலன் தமிழகக் கிராமங்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. தென் மாவட்டங்களில் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் பல ஆண்டுகளாகக் கலன் கட்டிக் கொடுத்து வருகிறது. நான்கைந்து மாடுகளின் சாணம், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 50 கிலோ, இரண்டு கன மீட்டர் வாயு தரும். ஒரு குடும்பம் சமைக்க அது போதும். இன்று கரிசலில் எத்தனை வீட்டில் நான்கு மாடு இருக்கிறது? டிராக்டர் வந்தபின் உழவு மாடு போய்விட்டது. பழைய கலன்கள் பல இடங்களில் துருப்பிடித்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம், பழுது பார்க்க ஆள் இல்லாதது இன்னொரு காரணம். சாணம் குறைந்த இடத்தைத் தட்டை நிரப்பலாம் என்பதுதான் எங்கள் வாதத்தின் மையம்.

தட்டையில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. சாணம் அந்தக் குறையைச் சரிசெய்வதோடு தேவையான நுண்ணுயிர்களையும் கொண்டுவருகிறது. பொடியாக வெட்டி ஊறவைத்த உலர் தட்டை ஒரு கிலோவுக்குச் சுமார் 0.2 கன மீட்டர் வாயு எதிர்பார்க்கலாம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடான வெப்பத்தைப் பெற 32 கன மீட்டர் வாயு, அதாவது ஏறத்தாழ 160 கிலோ தட்டை வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இதைவிடக் கூடுதல் கிடைக்கும், ஊரில் கவனக்குறைவாக நடத்தினால் குறையும். பழைய டிரம் கலனில் தட்டையைப் போட்டால் மிதந்து மேலே ஏடு கட்டிக்கொள்ளும், வாயு வராது. ஆகவே வேறு வடிவமைப்பு வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் இலைச்சருகுக்கென்றே, உள்ளே போடும் பொருள் நீள்வாட்டில் நகரும் கலன்களை உருவாக்கியிருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றை மக்காச்சோளத் தட்டைக்கு ஏற்றவாறு மாற்றி, இந்த மாவட்டத்திலேயே மூன்று ஊர்களில் குறைந்தது இரண்டு பட்டம் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மாவட்டம் முழுவதும் விரிவாக்கலாம்.

தண்ணீர் பெரிய கேள்வி. சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்பது வழக்கம். கோடையில் குடிதண்ணீருக்கே குடத்தோடு காத்திருக்கும் ஊரில் 50 லிட்டர் கலனுக்கு ஊற்று என்று எந்தப் பெண்ணிடம் சொல்ல முடியும்? பாத்திரம் கழுவிய நீரையும், கலனிலிருந்து வரும் குழம்பை வடித்த நீரையும் திரும்ப ஊற்றும் ஏற்பாடு வடிவமைப்பிலேயே இருக்க வேண்டும். இதைத் தீர்க்காத திட்டத்தை நாங்கள் ஏற்கமாட்டோம்.

இனிப் பட்டாசு வட்டாரம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர், தீயைக் கண்டு பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். ஒரு வெடிவிபத்து சுவரோடு நிற்காது என்று எங்களுக்கு வேறு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தட்டை தை, மாசியில் வருகிறது, எரிவாயு வருஷம் முழுக்க வேண்டும். ஆகவே டன் கணக்கில் காய்ந்த தட்டையைப் படப்பாக அடுக்கித்தான் ஆக வேண்டும். ஆலைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு படப்பு தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று திட்டம் போடுகிறவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். 2008 வெடிபொருள் விதிகள் ஆலைகளுக்கும் குடோன்களுக்கும் பாதுகாப்பு இடைவெளி வகுத்திருக்கின்றன. தட்டைக் கிடங்கும் எரிவாயுக் கலனும் அந்த இடைவெளிக்கு வெளியே மட்டுமே அமைய வேண்டும். வெடிபொருளுக்கும் எரிவாயு உருளைகளுக்கும் உரிமம் தரும் பெசோ நிறுவனத்துக்குச் சிவகாசியிலேயே அலுவலகம் இருக்கிறது. அதுவும் தீயணைப்புத் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து எந்தெந்த இடத்தில் கலன் அமைக்கலாம் என்று வரைபடம் வெளியிட வேண்டும்.

பட்டாசு ஆலைக் காகிதக் கழிவு, குழாய்த் துண்டு, தீக்குச்சிக் கழிவு எதுவும் கலனுக்கோ உலைக்கோ போகக்கூடாது. மருந்து ஒட்டிய காகிதம் உலையில் வெடிக்கும். கலனில் போட்டால் பேரியமும் அலுமினியமும் குழம்பு வழியாக நிலத்துக்குப் போய்ச் சேரும். எரிபொருள் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது கலக்க முன்வருவார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

வீட்டுக்குள் திருட்டுத்தனமாகத் திரி வேலையும் மருந்து வேலையும் நடப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டில் எந்த அடுப்பும் ஆபத்துதான், பொறி பறக்கும் விறகடுப்பு இன்னும் ஆபத்து. அப்படிப்பட்ட குடும்பத்தைத் திட்டத்திலிருந்து விலக்கித் தண்டிப்பதை நாங்கள் ஏற்கவில்லை. வேலை கொடுக்கிறவரைப் பிடியுங்கள், அந்தப் பெண்ணுக்கு உரிமம் பெற்ற ஆலையில் வேலை கொடுங்கள், பிறகு எரிவாயு இணைப்பும் கொடுங்கள். ஆலையிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் உடை மாற்றிக் குளித்த பிறகே அடுப்படிக்குள் போக வேண்டும் என்பதை எங்கள் உறுப்பினர்களுக்கும் இந்த அறிக்கை மூலமே சொல்கிறோம்.

பெரு நிறுவனங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 அக்டோபரில் தொடங்கிய சதத் திட்டத்தின் கீழ் அழுத்தப்பட்ட உயிர்வாயு ஆலைகள் வருகின்றன, நாமக்கல் புதுச்சத்திரத்தில் ஒன்று இயங்குகிறது. 2028-29-க்குள் வாகனங்களுக்கும் குழாய் இணைப்பு வீடுகளுக்கும் போகும் எரிவாயுவில் 5 விழுக்காடு இப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு இலக்கு வைத்திருக்கிறது. நல்ல இலக்குதான். ஆனால் விருதுநகர் மாவட்டத்துத் தட்டை லாரி ஏறிப் போய், வாயு நகரத்துக் கார்களுக்கும் நகரத்து அடுப்புகளுக்கும் சேர்ந்து, இங்கே பெண்கள் வேலிமுள் பொறுக்கிக்கொண்டே இருந்தால் அதை முன்னேற்றம் என்று ஏற்க மாட்டோம். தட்டை எடுக்கும் ஊரின் சத்துணவுக் கூடத்துக்கும் நிலமில்லாத குடும்பங்களுக்கும் முதல் பங்கு வேண்டும். வாயு எடுத்தபின் மிஞ்சும் குழம்பு, தட்டை கொடுத்த விவசாயியின் காட்டுக்கே எருவாகத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு கலனுக்கும் கட்டுமானச் செலவோடு பத்து ஆண்டுப் பராமரிப்புக்கான நிதியையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும், பழுது பார்க்க ஊர் இளைஞர் ஒருவருக்குச் சம்பளத்தோடு வேலை தர வேண்டும்.

மக்காச்சோளம் அறுத்து முடிந்திருக்கும் நேரத்தில், மார்ச் 22 அன்று, கிராம சபை கூடுகிறது. கலன் எந்த இடத்தில், பக்கத்துப் பட்டாசு ஆலையிலிருந்து எவ்வளவு தூரத்தில், தண்ணீர் எங்கிருந்து, வாயு முதலில் யாருக்கு என்ற நான்கையும் எழுதி உங்கள் ஊர்த் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். இந்த நான்குக்கும் பதில் இல்லாத திட்டத்துக்கு ஊராட்சித் தலைவர்கள் கையெழுத்துப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.