அம்பாசடரா, பியட்டா?



அட்டையில் அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலும் நிறுத்தினோம், எது நல்ல வண்டி என்று எங்கள் அலுவலகத்தில் பட்டிமன்றமே நடந்துவிட்டது. தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

பூர்வீகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசான அம்பாசடர், கொல்கத்தாவை ஒட்டிய உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. பத்மினி, பம்பாய்க் குர்லாவில் பிறந்த இத்தாலிய பியட் 1100. எழுபதுகளில் பெயர் மாறியும் நம்மவர்களுக்கு அது கடைசிவரை பியட்தான்.

இனி கணக்கு. பழைய பெட்ரோல் அம்பாசடரின் எஞ்சின் 1489 சிசி, சுமார் 50 குதிரைத்திறன். பியட்டுக்கு 1089 சிசி, சுமார் 40. இதோடு நிறுத்தினால் அம்பாசடர் கட்சிக்காரர்கள் மாலை போட்டுக்கொள்ளலாம். ஆனால் எடை என்று ஒன்று இருக்கிறதே! அம்பாசடர் 1,100 கிலோவைத் தாண்டும். பியட் 900 கிலோவுக்குள் அடங்கும். வகுத்துப் பாருங்கள், இரண்டிலுமே ஒரு குதிரைக்கு 22 கிலோவை ஒட்டித்தான் சுமை வருகிறது. கூடுதலாகக் கிடைத்த 400 சிசியை அம்பாசடர் தன் உடம்பைத் தூக்கவே செலவழித்துவிட்டது.

அப்படியானால் இரண்டும் ஒன்றா? ஓட்டியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அம்பாசடரில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 89 மில்லிமீட்டர், பியட்டில் 75. அதனால் அம்பாசடர் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். குடும்பம் மொத்தத்தையும் ஏற்றி, டிக்கி நிறைய மூட்டையும் வைத்து மேடேறினாலும் அடிக்கடி கியர் மாற்றச் சொல்லாது. பியட்டைக் கொஞ்சம் விரட்ட வேண்டும். விரட்டினால் துள்ளி ஓடும். நெரிசலில் வளைத்து ஒடித்து நுழைப்பதற்கும் அதுதான் வாகு. பம்பாய் டாக்சிக்காரர்கள் பல காலம் அதைக் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம்; மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023இல்தான் ஓய்வுபெற்றது.

கியர் கம்பி இரண்டிலும் ஸ்டீயரிங்கை ஒட்டியே இருந்தது. முன் சீட்டிலும் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோமே, அந்த உபயம்! பிரேக்குக்கு மட்டும் இரண்டுக்குமே பாஸ் மார்க் போட எனக்கு மனம் வரவில்லை. பழைய மாடல்களில் நான்கு சக்கரத்திலும் டிரம்தான்.

என் தீர்ப்பு இது: பின்னால் சாய்ந்து உட்காருகிறவருக்கு அம்பாசடர், ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறவருக்கு பியட். அமைச்சர்களும் கலெக்டர்களும் ஒன்றில் போனதற்கும், தாமே ஓட்டிப்போன டாக்டர்கள் பலர் மற்றதை வாங்கியதற்கும் வேறு விளக்கம் தேட வேண்டாம்.

இருவரையும் வீழ்த்தியதும் அதே வகுத்தல் கணக்குதான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800க்கு எஞ்சின் வெறும் 796 சிசி. குதிரைத்திறனில் பியட்டைக் கிட்டத்தட்ட எட்டிப்பிடித்தது. எடையிலோ அதைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவு. ஆண்டுக்கணக்கில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

"எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டை மறந்துவிட்டீர்களே" என்று சென்னை வாசகர்கள் பேனாவை எடுக்குமுன் சொல்லிவிடுகிறேன். வண்டலூர்ப் பக்கம் தயாரான அந்த வண்டியின் முன்பாகம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும். அடுத்த இதழில் அதைத் திறந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்