மரத்துக்கும் மருத்துவர் வேண்டும்

நம் பள்ளிச் சைக்கிள் கொட்டகையின் மேல் கவிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை அறியாத மாணவி எவரும் இரார். சென்ற பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் அதை அடியோடு வெட்டிவிட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். இலை தொடக்கூடாது என்று வேறு சிலர் வாதாடினார்கள். இரு தரப்பினரும் மரத்தைப் பற்றிப் பேசினார்களேயன்றி, அதில் ஏறப்போகும் மனிதரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரைப் பற்றி நான் கொஞ்சம் எழுத விரும்புகிறேன்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மரங்களைப் பேணுவதையே முறையாகக் கற்றுத் தொழிலாகச் செய்பவர்கள் உண்டு. 'ட்ரீ சர்ஜன்' என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். மரத்துக்கு அறுவை சிகிச்சை செய்பவர் என்று பொருள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஜான் டேவி என்பவர் 'மர மருத்துவர்' என்ற பொருள் தரும் தலைப்பில் 1901இல் ஒரு நூலே எழுதினார்.

அப்படிப்பட்ட ஒருவரின் நாள் எப்படித் தொடங்குகிறது? ரம்பத்தோடு அல்ல. முதலில் அவர் மரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். வேரடியில் காளான் முளைத்திருக்கிறதா, கவையில் விரிசல் விட்டிருக்கிறதா, எந்தக் கொப்பு பட்டுப்போயிருக்கிறது என்றெல்லாம் பார்க்கிறார். மரச் சுத்தியால் அடிமரத்தைத் தட்டி, பொள்ளலா கெட்டியா என்று காது கொடுத்துக் கேட்கிறார். டாக்டர் நம் முதுகில் தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரிதான்! பறவை கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். பயன்பாட்டில் உள்ள கூட்டை வேண்டுமென்றே கலைப்பது இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அதன்பின் சிறு எடை கட்டிய மெல்லிய கயிற்றை உயரத்துக் கவையில் எறிந்து மாட்டி, அதைக் கொண்டு பருமனான கயிற்றை மேலே இழுக்கிறார். இடுப்பிலும் தொடையிலும் வார்ப்பட்டை, தலையில் கவசம். மோட்டார் ரம்பம் தவறிக் காலில் பட்டாலும், துணிக்குள் இருக்கும் நீண்ட இழைகள் வெளிவந்து சுற்றிக்கொண்டு ரம்பத்தையே நிறுத்திவிடும் கால்சட்டை ஒன்றும் உண்டு. மேலே ஒருவர் வேலை செய்தால் கீழே ஒருவர் கண்ணெடுக்காமல் நிற்பார். பெரிய கொப்பை ஒரே வெட்டாக வெட்டுவதில்லை. முதலில் அடிப்பக்கம் சிறிது அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்து, பாரம் இறங்கியபின்தான் மீதிக் கட்டையை எடுப்பார்கள். இல்லாவிட்டால் கொப்பு முறியும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போய்விடும். வேலை முடிந்தபின் இலைதழைகளைக் கூட்டி அள்ளவே வெகுநேரம் ஆகிறது. அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள் என்பதைத் தோழியருக்குத் தனியே சொல்லி வைக்கிறேன்.

இனி எங்கள் தெருவுக்கு வருவோம். சென்ற ஆண்டு ஒரு வீட்டில் வேப்பமரத்தைக் கழிக்க ஆள் வந்தார். வெறுங்கால், இடுப்பில் அரிவாள், தோளில் கைரம்பம், அவ்வளவுதான். "கூலி கொஞ்சம்தான், விறகை நீயே எடுத்துக்கொள்" என்று வீட்டுக்காரர் பேசி முடித்தார். மாலையில் பார்த்தால் மரம் இருந்த இடத்தில் கைகளை இழந்த ஒரு கம்பம் நின்றது.

"ஏன் அண்ணா இவ்வளவு வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

"இலையை வெட்டினா எனக்கு என்ன பாப்பா கிடைக்கும்? கட்டைதானே காசு!" என்றார்.

"கயிறு கட்டிக்கக் கூடாதா?"

"கயிறு கட்டி ஏறினா நேரமாகுதுன்னு கோவிச்சுக்கிறாங்க."

அவர் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். முன்பு ஒரு மாமரத்திலிருந்து விழுந்தாராம். செலவெல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது.

இதில் அவர் குற்றம் என்ன? டாக்டருக்கு அறுத்த கையையே கட்டணமாகக் கொடுப்போமானால் எந்த நோயாளிக்குக் கை மிஞ்சும்? விறகைக் கூலியாக வைத்தவர்கள் நாம். அவர் வெட்டியது நாம் வைத்த கூலியின்படிதான்.

அப்படி மொட்டையடித்த மரம் பிழைத்துத் தழைக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். தழைப்பது உண்மை. ஆனால் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக வரும் போத்துகள் மரத்தின் வெளித்தோலை ஒட்டியே வளர்பவை. உள்ளே ஆழமான பிடிப்பு இல்லை. அவை பருத்தபின் காற்றடித்தால் முதலில் முறிவதும் அவைதாம். மரத்தின் காயம் நம் காயம்போல் ஆறுவதும் இல்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது என்பதை அமெரிக்க அறிவியலார் அலெக்ஸ் ஷைகோ 1977இல் விளக்கினார். கிளை தொடங்கும் இடத்தில் கழுத்துப்போல் சற்றுப் பருத்திருக்கும் பகுதியை விட்டு வெட்டினால் அந்தச் சுவர் நன்றாக எழும். அடிமரத்தோடு ஒட்ட வெட்டினால் எழுவது கடினம். வெட்டுவாயில் தார் பூசுவதும், பொந்தில் சிமெண்டு அடைப்பதும் ஒரு காலத்தில் வைத்தியமாகக் கருதப்பட்டன. இப்போது அவற்றைக் கைவிட்டுவிட்டார்கள். நாம்தான் இன்னும் மரத்தின் கழுத்துவரை சிமெண்டு போட்டு நடைபாதை அமைக்கிறோம்.

முறையாக அறுத்தால் மரம் எவ்வளவு தாங்கும் என்பதற்குக் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் ஆலமரம் சாட்சி. காளான் நோய் பற்றிய அதன் நடு அடிமரத்தையே 1925இல் வெட்டி எடுத்தார்கள். விழுதுகளின் பலத்தால் இன்றும் அது ஒரு தோப்பாக நிற்கிறது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். மறுநாள் தெருவில் கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டிப் பால் வாங்கப் போனது நினைவிருக்கிறது. கைரம்பத்தோடு ஒவ்வொரு மரமாக அறுத்து வழி விட்டவர்கள், நாம் பெயர்கூடக் கேட்காத இந்த மனிதர்கள்தாம்.

நம்மால் சொல்லிக்கொடுக்க முடியாத கலையா இது? கேரளத்தில் தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது, 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் இளைஞர்களுக்கு ஏறு கருவியில் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. விபத்துக் காப்பீடும் செய்து கொடுத்தது. பெண்களும் பயின்று தென்னை ஏறினார்கள். தென்னைக்கு முடிந்தது வேம்புக்கும் தூங்குமூஞ்சிக்கும் முடியாதா?

நம் பள்ளி மரத்தைப் பற்றி என் கருத்து இதுதான். அதை வெட்ட வேண்டாம். அப்படியே விடவும் வேண்டாம். கொட்டகையின் மேல் பட்டுப்போய்த் தொங்கும் இரண்டு கொப்புகளும் கீழே சைக்கிள் எடுக்கும் சிறுமிகளுக்கு ஆபத்துதான். அச்சப்பட்ட பெற்றோர் சொன்னதில் நியாயம் உண்டு. மரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அவற்றை மட்டும் எடுக்கச் சொல்லலாம். நாள் கணக்கில் முழுக் கூலி கொடுத்து, விறகைப் பள்ளியே வைத்துக்கொள்ளலாம். ஏறுபவருக்குக் கயிறும் வார்ப்பட்டையும் தலைக்கவசமும் பள்ளிச் செலவில் வாங்கி, வேலை முடிந்தபின் அவரிடமே கொடுத்துவிடலாம். பணம் எங்கே என்று கேட்பீர்களானால், ஆண்டு விழா மேடை அலங்காரத் தொகையிலிருந்து எடுக்கலாம் என்பேன். அலங்காரக் குழுவில் நானும் ஒருத்தி என்பதால் மற்றவர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.